ஆயிரம் கெஜத் துப்பாக்கியும் பிடோக் தூண்டிலும்

தலைமை அலுவலகம் அமெரிக்காவில், கிளை சிங்கப்பூரில் என்று இருக்கும் நிறுவனங்களுக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் வரக்கூடியதுதான். டெக்சஸிலோ வயோமிங்கிலோ ஒரு பண்ணைவீட்டில் ஊழியர்களைக் கூட்டினோம், காலையில் நெடுந்தூரத் துப்பாக்கிப் பயிற்சி, பிற்பகலில் மீன்பிடிப்பு, எல்லாருக்கும் பிடித்திருந்தது, நீங்களும் உங்கள் ஊரில் ஒன்று ஏற்பாடு செய்யுங்கள். சிங்கப்பூர்க் கிளையில் இந்த வேலை யார் தலையில் விழுகிறதோ அவருக்கு முதலில் தோன்றுவது, இங்கே இது நடக்குமா என்பதுதான். மீன் தாராளமாகப் பிடிக்கலாம். பத்து மீட்டரில் சுடலாம். நெடுந்தூரம் சுட வேண்டுமென்றால் விமானம் ஏற வேண்டும். ஏன் என்று தெரிந்துகொண்டால் தலைமை அலுவலகத்துக்குப் பதில் எழுதுவது எளிது.

நெடுந்தூரம் என்பது எவ்வளவு? இங்கிலாந்தில் பிஸ்லி என்ற ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் ரைஃபிள் போட்டியைத்தான் இந்த விளையாட்டில் பலரும் அளவுகோலாக எடுத்துக்கொள்வார்கள். அங்கே 300, 500, 600 கெஜம் எல்லாம் குறுந்தூரக் கணக்கு. 900, 1000 கெஜம்தான் நெடுந்தூரம். 1000 கெஜம் என்றால் 914 மீட்டர். லிட்டில் இந்தியாவில் தேக்கா முனையில் நின்று சிராங்கூன் சாலையோடு வடக்கே பாருங்கள். வீரமாகாளியம்மன் கோயிலைக் கடந்து, முஸ்தபாவுக்குத் திரும்பும் தெருவையும் கடந்து, பெருமாள் கோயிலை நெருங்குவதற்குள் அந்தத் தூரம் முடிந்துவிடும். அங்கே நிற்கும் ஒரு ஆள், கையை நீட்டிப் பிடித்தால் விரல் நுனியில் இருக்கும் கடுகளவுதான் தெரிவார்.

இடப் பிரச்சினை அந்த 914 மீட்டரோடு தீர்ந்துவிடுவதில்லை. 7.62 மி.மீ. ரகத் தோட்டா ஒன்று குறி தவறி மேலே போனால் நான்கு கிலோமீட்டர் வரைகூடப் போய் விழும். தேக்காவிலிருந்து நேர்கோட்டில் அது தோ பாயோவைத் தாண்டி பிராடல் பக்கம். ஆகவே திறந்தவெளி நெடுந்தூரக் களம் ஒன்று வேண்டுமானால், இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடு வேண்டும். அதற்கும் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத நிலம் கிலோமீட்டர் கணக்கில் வேண்டும். கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 27 கிலோமீட்டர் என்று இருக்கும் ஒரு தீவில் அப்படி ஒரு நிலத்தை யார் விட்டுவைப்பார்கள்?

லண்டனுக்கே இது முடியவில்லை. 1860-ல் விம்பிள்டன் பொதுவெளியில் முதல் போட்டி நடந்தது. ஒரு தாங்கியில் முன்கூட்டியே குறிபார்த்துப் பொருத்திய விட்வொர்த் ரைஃபிளின் கயிற்றை இழுத்து விக்டோரியா மகாராணி தொடங்கி வைத்தார். முப்பது வருடத்தில் ஊர் வளர்ந்து வீடுகள் நெருங்கிவிட்டன. 1890-ல் போட்டியைத் தூக்கிக்கொண்டு சர்ரே மாவட்டத்துப் பிஸ்லிக்குப் போனார்கள். சிங்கப்பூரில் 1854-லேயே தன்னார்வ ரைஃபிள் படை ஒன்று இருந்தது, சுடும் களங்களும் இருந்தன. புக்கிட் தீமா பக்கம் ரைஃபிள் ரேஞ்ச் ரோடு என்ற பெயர் இன்னும் நிற்கிறது. அந்தப் பெயரை வரைபடத்தில் பார்த்துவிட்டு யாராவது முன்பதிவு செய்யக் கிளம்பினால், 2022 நவம்பரில் திறந்த ரைஃபிள் ரேஞ்ச் இயற்கைப் பூங்காவில்தான் போய் நிற்பார். 66 ஹெக்டர், பழைய கல்குவாரியில் நீர்நிலை, மரப்பலகை நடைபாதை. அலுவலக நடைப்பயணத்துக்கு அருமையான இடம், துப்பாக்கிக்கு அல்ல.

ராணுவத்துக்கே இதே நெருக்கடிதான். பாசிர் லாபா முகாமில் கட்டடத்துக்குள்ளேயே உண்மைத் தோட்டா சுடும் பல அடுக்குக் களம் கட்டியிருக்கிறார்கள். பெரிய பயிற்சிகளுக்கு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து வரை போகிறார்கள். படைக்கே இல்லாத மைதானம் பணியாளர் ரிட்ரீட்டுக்கு எப்படிக் கிடைக்கும்?

இனி சட்டம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். 1973-ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டப்படி, உரிமமில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் ஐந்து முதல் பத்து வருடச் சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால், சுட முயன்றாலே, மரண தண்டனை. யார் மேலும் பட்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. காற்றுத் துப்பாக்கியும் இங்கே ஆயுதம்தான். ஊரில் பொருட்காட்சியில் பலூன் சுட்ட ஞாபகத்தில் இணையத்தில் ஒன்று வாங்கிப் போட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்கும் இதே கதி. துப்பாக்கி வடிவச் சிகரெட் லைட்டரைக்கூட நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. மீன்பிடிக்கிறோம் என்று ஈட்டி எடுத்து வந்தாலும் அது காவல்துறை அனுமதி கேட்கும் பட்டியலில்தான் இருக்கிறது. ஆக, இந்த ரிட்ரீட்டின் இரண்டு பாதியும் சட்டத்தின் கண்ணில் சந்திக்கும் இடம் அது ஒன்று.

இந்த ஊரில் துப்பாக்கியை எவ்வளவு கறாராக நடத்துகிறார்கள் என்பதைத் தேசிய சேவை செய்த உங்கள் சக ஊழியரிடம் கேட்டால் தெரியும். 1967-லிருந்து இங்கே பதினெட்டு வயது ஆண்பிள்ளைகளுக்கு அது கட்டாயம். நிரந்தரவாசியாகிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் உண்டு. அந்தப் படைப் பயிற்சியில் சுட்டு முடித்ததும் வெடித்த பித்தளை உறைகளைப் பொறுக்கி எண்ணுவார்கள். கொடுத்த தோட்டாவுக்கும் திரும்பிவந்த உறைக்கும் கணக்கு ஒத்துவர வேண்டும். ஒன்று குறைந்தால், மதிய வெயிலில் வரிசையாகக் குனிந்து புல்லை விரலால் விலக்கித் தேட வேண்டியதுதான். பிறகு ஒவ்வொருவரும் பைகளைத் தட்டிக் காட்டி, தோட்டாவோ காலி உறையோ என்னிடம் இல்லை என்று உரக்கச் சொன்ன பிறகே களத்தைவிட்டு வெளியேறலாம். இதை வருடக்கணக்கில் செய்தவரிடம் போய், வாங்க, ஜாலியாகச் சுடலாம் என்று அழைத்தால் அவர் முகத்தில் பெரிய ஆர்வம் தெரியாது. அவருடைய விடுமுறைக் கனவில் துப்பாக்கி இல்லை.

சரி, இங்கே என்னதான் செய்யலாம்? ஓல்ட் சுவா சூ காங் ரோட்டில் தேசியத் துப்பாக்கிச்சுடும் மையம் இருக்கிறது. யீஷூனில் சாஃப்ரா மன்றத்தில் உள்ளரங்கக் காற்றுத் துப்பாக்கிக் களம் இருக்கிறது. உறுப்பினர் யார், விருந்தினராக எத்தனை பேரை அழைத்து வரலாம், பயிற்சியாளர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதெல்லாம் களத்துக்குக் களம் மாறும். எழுதிக் கேட்டுப் பதில் வந்த பிறகு தேதியை அறிவியுங்கள். தேதியை அறிவித்துவிட்டுக் கேட்டால் அலைச்சல்.

பத்து மீட்டர் என்றதும் சிலருக்கு இளப்பமாகத் தோன்றும். காற்று ரைஃபிள் இலக்கில் பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். குண்டின் விட்டமே நாலரை மில்லிமீட்டர்! புள்ளியைத் தொட்டுக்கொண்டு குண்டு போக வேண்டும், அதுவும் எவ்வளவு நடுவில் என்று மின்னணு இலக்கு தசமக் கணக்கில் சொல்லும், உச்சம் 10.9. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்கில் ஆடியது இந்த ஆட்டம்தான். சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோ 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கியதும் இதில்தான். முதல்முறை சுடுபவர் கவனிக்க வேண்டியது கை பலத்தை அல்ல. ரைஃபிளை எலும்பின் மேல் உட்கார வைக்க வேண்டும், தசையின் மேல் அல்ல. இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி நிற்பது அதற்காகத்தான். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ஏழெட்டு வினாடிக்குள் விசையை மெதுவாக அழுத்த வேண்டும். அதற்குள் சுடவில்லையென்றால் இறக்கி வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நல்லது. கண் மங்கத் தொடங்கிய பிறகு சுடுவது குண்டை வீணாக்குவது. இன்னொன்று, குண்டு ஈயம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் வடையைத் தொடக் கூடாது.

ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. பத்து மீட்டர் ஆட்டம் தனியாள் ஆட்டம். ஒவ்வொருவரும் அவரவர் தடத்தில், அவரவர் இலக்கோடு. பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று திரும்பிப் பார்த்தால் உங்கள் குறி போய்விடும். குழு ஒற்றுமைக்காக என்று சொல்லி இதற்குப் பணம் கட்டுவது எனக்கு அவ்வளவு புத்திசாலித்தனமாகப் படவில்லை.

நெடுந்தூரத்தில் கதையே வேறு. அதற்காகத்தான் அமெரிக்க நிறுவனங்களுக்கு அதில் மோகம் என்று நினைக்கிறேன். 7.62 ரகத்தில் பொதுவாகப் பயன்படும் போட்டித் தோட்டா 1000 கெஜம் போய்ச் சேர ஒன்றரை வினாடிக்கு மேல் ஆகும். அதற்குள் அது கீழிறங்கும் அளவு ஏறத்தாழ பத்து மீட்டர், மூன்று மாடி உயரம். அந்த வீழ்ச்சி ஒரு தொல்லையே அல்ல. புவியீர்ப்பு தினம் ஒரே மாதிரி இருப்பதால் கணக்குப் போட்டுத் தொலைநோக்கியின் திருகை அத்தனை சொடுக்கு திருப்பினால் போதும். தொல்லை காற்றுதான். பக்கவாட்டில் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகக் காற்று, அதாவது மரக்கிளைகள் லேசாக ஆடும் அளவு, அந்தத் தோட்டாவை இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளிவிடும். காற்று நிமிடத்துக்கு ஒருமுறை மாறும், பாதிவழியில் ஒரு திசை, இலக்கருகில் வேறு திசை என்று இருக்கும்.

அதனால் இருவர் சேர்ந்துதான் சுடுவார்கள். ஒருவர் கீழே படுத்து விசையை அழுத்துவார். இன்னொருவர், ஸ்பாட்டர், பின்னால் தொலைநோக்கியோடு உட்கார்ந்து கொடிகளையும் தரையிலிருந்து எழும் கானல் அலை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் பார்த்துக்கொண்டே இருப்பார். கானல் நேராக மேலே கொதித்தால் காற்று நின்றிருக்கிறது, அல்லது நம்மை நோக்கியோ நம்மிடமிருந்தோ நேராக வீசுகிறது. சாய்ந்து ஓடினால் வேகம் கூடியிருக்கிறது. அவர் சொல்லும் திருத்தத்தை அப்படியே நம்பி மற்றவர் சுட வேண்டும். பிஸ்லியின் அணிப் போட்டிகளில் இது இன்னும் சுவாரசியம்: காற்றைப் படிக்கும் பயிற்றுநரே பார்வைக் கருவியைத் திருப்பி வைப்பார், சுடுபவர் ஏன் என்று கேட்பதில்லை. குண்டு தவறினால் யார் பிழை என்பது உடனே தெரிந்துவிடும். உயரம் தவறினால் பெரும்பாலும் சுட்டவர், பக்கவாட்டில் தவறினால் பெரும்பாலும் காற்றைப் படித்தவர். மேலாளரைக் கீழே படுக்க வைத்து, புதிதாகச் சேர்ந்தவரை ஸ்பாட்டராக உட்கார வைத்தால் அலுவலகத்தில் ஆறு மாதத்தில் வெளிவராதது அங்கே ஒரு முற்பகலில் வெளிவரும். பத்து மீட்டர் உள்ளரங்கில் காற்றே இல்லை, ஆகவே ஸ்பாட்டரும் இல்லை. விசையை அழுத்துவது மட்டும் மிஞ்சுகிறது.

அந்தக் கூட்டு வேலை சிங்கப்பூரில் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், மீன்பிடிப்பில் என்பேன்.

கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் பிடோக் ஜெட்டி இருக்கிறது. சுமார் 250 மீட்டர் நீளம், தீவில் தூண்டில் போடும் ஜெட்டிகளில் நீளமானது. உரிமம் தேவையில்லை, கட்டணம் இல்லை. நுனிப் பகுதியில் வழக்கமாக வரும் மாமாக்கள் இரவிலிருந்தே இடம்பிடித்திருப்பார்கள். முதலில் அவர்களுக்கு ஒரு வணக்கம் வையுங்கள். உங்கள் நரம்பு அவர்கள் நரம்போடு சிக்கும், சிக்காமல் இருக்காது. அப்போது யார் பேச்சுக் கேட்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது நல்லது. புதியவர்களுக்கு ஏற்றது அங்கே அப்பல்லோ என்று சொல்லும் கோர்வை. ஒரே நரம்பில் ஐந்தாறு சின்ன முள், ஒவ்வொன்றிலும் மினுங்கும் ஒரு துணுக்கு, அடியில் ஈயக் குண்டு. இரை வேண்டாம். நேரே கீழே இறக்கி, கழியை மேலும் கீழும் ஆட்டினால், கூட்டம் கடந்துபோகும் நேரத்தில் தம்பான், செலார் இரண்டு மூன்றாகத் தொங்கிக்கொண்டு வரும். அதில் ஒன்றை உயிரோடு பெரிய முள்ளில் கோத்து விட்டால் கொடுவாவோ பாரையோ வந்தாலும் வரும். பெரிய மீன் சிக்கினால் தண்ணீர் மட்டத்திலிருந்து ஜெட்டி மேலே தூக்கக் கழியால் முடியாது. ஒருவர் கழியைப் பிடிக்க, இன்னொருவர் கயிற்றில் கட்டிய வலையைக் கீழே இறக்க, மூன்றாமவர் பக்கத்து நரம்புகளை ஒதுக்க வேண்டும். நான் சொன்ன கூட்டு வேலை இதுதான்.

நாள் குறிக்கும்போது ஞாயிற்றுக்கிழமையா என்று மட்டும் பார்க்காதீர்கள், நீரோட்டத்தையும் பாருங்கள். இங்கே ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். நீர் ஓடத் தொடங்கும் நேரத்திலும் ஓட்டம் தணியும் நேரத்திலும் மீன் கடிக்கும். நடுவில் நீர் அசையாமல் கிடக்கும்போது பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடலாம். அட்டவணை இணையத்திலேயே கிடைக்கிறது. இடி மின்னலையும் மறக்க வேண்டாம். சிங்கப்பூரில் ஆண்டின் ஏறக்குறைய பாதி நாள் இடி உண்டு. இன்றைய தூண்டில் கழிகள் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆனவை, மின்சாரம் கடத்தும். வானம் கறுத்தால் கழியை மடக்கிவிட்டுக் கரைக்கு வந்துவிட வேண்டும்.

நீர்த்தேக்கங்கள் வேறு கணக்கு. பொதுப் பயனீட்டுக் கழகம் பிடோக், மெக்ரிச்சி, லோயர் சிலேத்தார் போன்றவற்றில் பலகை வைத்துக் குறித்த இடங்களில் மட்டும் தூண்டில் போட விடுகிறது. அங்கே செயற்கை இரை மட்டுமே. புழு, இறால், ரொட்டி எதுவும் தண்ணீரில் விழக் கூடாது. அது நாம் குடிக்கிற தண்ணீர். குறித்த இடத்துக்குப் பத்தடி தள்ளி நின்றாலும் அபராதம். பீக்காக் பாஸ் என்ற தென்னமெரிக்க மீன் அங்கே யாரோ விட்டு இப்போது பெருகிக் கிடக்கிறது, அதைத் தேடித்தான் பலரும் போகிறார்கள். பயிற்சியே இல்லாத பெரிய கூட்டம் என்றால் இவை எதுவும் வேண்டாம். பாசிர் ரிஸ் டவுன் பூங்காவின் கட்டண மீன்குளமோ, மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் இறால் குளமோ போதும். இறாலைப் பிடித்து அங்கேயே உப்புப் போட்டுச் சுட்டுத் தின்னலாம். அந்த மாலை எப்படியும் வீண் போகாது.

ஆபத்து என்று பார்த்தால் துப்பாக்கிக் களத்தைவிட ஜெட்டியில்தான் அதிகம் பேர் காயப்படுவார்கள் என்பது என் கணிப்பு. களத்தில் அதிகாரி நிற்கிறார், ஜெட்டியில் யாரும் இல்லை. கழியை வீசும் முன் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். செம்பிலாங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் வரிக் கெளுத்தி மாட்டினால் கையால் தொடவே கூடாது; முதுகிலும் பக்கவாட்டிலும் இருக்கும் முட்களில் நஞ்சு. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தால் வலி தணியும், பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். ஆகவே ஒரு பெரிய பிளாஸ்க் வெந்நீர், காபிக்கு அல்ல, எடுத்துப் போங்கள்.

ஒன்றுமே சிக்கவில்லையென்றாலும் லிட்டில் இந்தியா இருக்கிறது. ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன்தலைக் கறி சாப்பிட்டு முடிக்கலாம். 1949 வாக்கில் சோபியா ரோட்டில் கடை வைத்திருந்த கோமஸ் என்ற மலையாளி, சீன வாடிக்கையாளர்களுக்குத் தலைமீது இருந்த பிரியத்தைக் கவனித்துச் செய்தது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் வரலாறு.

துப்பாக்கியும் தூண்டிலும் சேர்ந்த உத்தியோகஸ்தர் விடுமுறை நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. 1877-ல் உதகையில் நீலகிரி வேட்டைச் சங்கம் தொடங்கியது. இரண்டு வருடத்தில் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் சேர்த்தே காக்கும் சட்டம் வந்தது. சென்னை மாகாண வெள்ளைக்கார அதிகாரிகள் கோடையில் மலையேறி, காலையில் வேட்டை, மாலையில் அவலாஞ்சியில் டிரவுட் என்று நாளைக் கழித்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முடித்து வைத்தது. அந்தச் சங்கம் இன்றும் பெயரை மாற்றிக்கொண்டு காட்டைப் பாதுகாக்கும் வேலையில் இருக்கிறது.

தலைமை அலுவலகம் பிடிவாதமாக இருந்து, பணமும் தருகிறது என்றால் நியூசிலாந்தைச் சொல்லுங்கள். வெலிங்டன் அருகே டிரெந்தாம் களத்தில் 1000 கெஜம் சுடும் பழைய மரபு இருக்கிறது. தேசிய வாகைப் போட்டியான பாலிஞ்சர் பெல்ட்டின் வரலாறு 1861-ல் தொடங்குகிறது. உரிமம் உள்ள ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில் உரிமம் இல்லாதவரும் அங்கே சுடலாம். நாலு மணிநேரம் வடக்கே காரில் போனால் தௌப்போ ஏரி, டிரவுட் மீன். அந்த ஏரிக்கென்று தனி மீன்பிடி உரிமம் வாங்க வேண்டும், நாட்டின் மற்ற பகுதிகளுக்கான உரிமம் அங்கே செல்லாது. இதையே அரைகுறையாகச் செய்ய ஜோகூருக்கோ பாத்தாமுக்கோ போகலாமே என்று யாராவது யோசனை சொன்னால், மீனுக்கு மட்டும் சரி என்று சொல்லுங்கள். பகாங்கின் ரொம்பினில் மயில்மீன் பிடித்துத் திரும்ப விடும் படகுப் பயணம் நிச்சயம் போய்ப் பார்க்க வேண்டியது. துப்பாக்கிக்கு வேண்டாம், மலேசியாவின் ஆயுதச் சட்டமும் விளையாட்டல்ல.

எந்த ஊரில் வைத்தாலும், சுடுவதற்கு வர விருப்பமா என்று தனித்தனியாக, எழுத்தில், காரணம் கேட்காமல் கேளுங்கள். உங்கள் குழுவில் யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ வளர்ந்தவர் இருக்கலாம். அவருக்கு அந்தச் சத்தம் வேறு. உயிரைக் கொல்ல மாட்டேன் என்று தூண்டிலைத் தொடாத சைவர் இருக்கலாம். பொதுக் கூட்டத்தில் கையைத் தூக்கச் சொன்னால் இருவருமே சரி என்றுதான் சொல்வார்கள், அதில் எந்த அர்த்தமும் இல்லை.

வெளிநாட்டில் சுட்டுவிட்டுத் திரும்புகிறீர்கள் என்றால் கடைசி இரவில் பெட்டி கட்டும்போது, களத்தில் போட்டிருந்த காற்சட்டை, சட்டை, தோள்பை எல்லாவற்றின் பைகளையும் கவிழ்த்துத் தட்டச் சொல்லுங்கள். நினைவுக்கு என்று ஒரு பித்தளை உறையை யாராவது நிச்சயம் பையில் போட்டிருப்பார். சாங்கியில் அதற்கு விளக்கம் சொல்வதைவிட அங்கேயே குப்பையில் போடுவது நல்லது.